மூத்தவளின் காவல்

2019-ஆம் ஆண்டு ஜனவரி தொடங்கி டிசம்பர் வரை, தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் ஆட்கள் நாடு முழுக்க வீடு வீடாகப் போய், ஒரு நாளின் 24 மணி நேரத்தை யார் எதற்குச் செலவிடுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று அதற்குப் பெயர். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்வோர் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம் என்று அறிக்கை வந்தது. அந்த வேலையைச் செய்யும் பெண்ணுக்கு அதில் நாளொன்றுக்கு 299 நிமிடம் போகிறது, அதைச் செய்யும் ஆணுக்கு 97 நிமிடம். ஆண், பெண் இடைவெளி பற்றி அப்போது நிறையப் பேசினார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் இந்தச் சதவீதங்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு விவரம் கிடக்கிறது. கணக்கில் வந்தவர்கள் 6 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் வீட்டு வேலை இருக்கக்கூடும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருக்கக்கூடும் என்பது அரசாங்கத்துக்கே தெரியும்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இது யாருக்கும் புதிய செய்தி அல்ல. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி, பட்டரவாக்கம், மண்ணூர்பேட்டை, அத்திப்பட்டு, கள்ளிக்குப்பம் என்று லைன் வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அப்பாவுக்கு லேத்திலோ பிரஸ்ஸிலோ ஷிப்ட் வேலை. அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர், அல்லது செக்கிங். ஆர்டர் நெருக்கினால் ஓ.டி. இருவரும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிவிட்டால், வீட்டில் மிஞ்சும் பெரிய ஆள் ஆறாம் வகுப்பு படிக்கும் மூத்த பெண்தான். தங்கைக்குத் தலை பின்ன வேண்டும். தம்பியைப் பாலவாடியில் விட வேண்டும். கேன் தண்ணீர்க்காரர் வந்தால் காலி கேனைக் கொடுத்து மாற்றி வைக்க வேண்டும். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினால் பிரேயர் முடிந்திருக்கும்.

இதே வட்டாரத்தில் இன்னொரு மாதிரியும் உண்டு. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தபோது கூடவே குடியிருப்பும் பள்ளியும் மருத்துவமனையும் வந்தன. மத்திய அரசு வேலை, நேரத்துக்குச் சம்பளம், குவார்ட்டர்ஸ். அங்கே வளர்ந்த பிள்ளைக்கு மாலையில் விளையாட மைதானம் இருந்தது. சுவருக்கு வெளியே ஒப்பந்தக் கூலியில் இருந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் தம்பி இருந்தான். ஆவடி, அம்பத்தூர் பிள்ளைகளின் வளர்ப்பு என்று பொதுவாகப் பேசுவதில் பொருளில்லை. எந்தக் கம்பெனி, என்ன வேலை, எத்தனை மணிக்கு வீடு திரும்பும் அம்மா என்று கேட்ட பிறகுதான் பேச முடியும்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பதினொரு வயதுப் பெண்ணைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கை எழுதுகிறது. காது அடுப்பில் இருக்கிறது. தம்பி தெருவில் இறங்குகிறானா என்று கடைக்கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பால் மேலே ஏறும் சத்தம் கேட்டதும் எழுந்து போய் அணைத்துவிட்டு வருகிறாள். விட்ட வரியை மறுபடி தேடுகிறாள். பாலும் பொங்கவில்லை, தம்பியும் தொலையவில்லை. 'பொறுப்பான பொண்ணு' என்று தெருவே சொல்கிறது. விட்ட வரியைத் தேடும் அந்த நொடிகளை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூளை ஆய்வுக்கு விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி முறையாக எழுதத் தொடங்கியவர்கள் குடும்பச் சிகிச்சையாளர்கள். 1967-இல் நியூயார்க்கின் ஏழைக் குடும்பங்களைப் பற்றி சால்வடோர் மினுச்சினும் கூட்டாளிகளும் வெளியிட்ட நூலில், பெற்றோர் இடத்தில் நிற்கும் பிள்ளை தனியாக அடையாளம் காணப்படுகிறது. 1973-இல் இவான் போசோர்மென்யி-நாகியும் ஜெரால்டின் ஸ்பார்க்கும் அதற்கு 'பேரன்டிஃபிகேஷன்' என்று ஒரு கலைச்சொல் கொடுத்தார்கள். இன்று சமூக ஊடகங்களில் 'மூத்த மகள்' பற்றிப் புலம்பும் பதிவுகளில் எல்லாம் அடிபடும் சொல் அது. அந்தப் பதிவுகளில் காணாமல் போய்விட்ட ஒன்றை மினுச்சின் அப்போதே சொல்லியிருந்தார். பெரிய குடும்பத்திலும், ஒற்றைப் பெற்றோர் வீட்டிலும், இருவரும் வேலைக்குப் போகும் வீட்டிலும் ஒரு பிள்ளைக்கு அதிகாரம் கொடுப்பது இயல்பான ஏற்பாடு, நன்றாகவே நடக்கக்கூடியது என்பது அவர் கருத்து. கொடுத்த அதிகாரம் எதுவரை என்று தெளிவில்லாதபோதும், பெற்றோர் அந்த இடத்தை விட்டே விலகிவிடும்போதும்தான் கெடுகிறது. பின்னால் 1997-இல் கிரகரி ஜர்கோவிக் இந்தத் துறையைத் தொகுத்து எழுதும்போது இரண்டு வகைச் சுமையைப் பிரித்துக் காட்டினார். ஒன்று கைவேலை: சமைப்பது, துவைப்பது, பிள்ளை பார்ப்பது. மற்றொன்று மனவேலை: அம்மாவின் அழுகைக்குத் தோள் கொடுப்பது, அப்பா அம்மா சண்டையில் நடுவில் நிற்பது, மகளிர் குழு லோனின் டியூ எப்போது என்று நினைவில் வைத்துக் கவலைப்படுவது. இரண்டாவதே ஆழமாக இறங்குகிறது என்பதில் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள்.

ஏன் இறங்குகிறது என்பதற்கு ஒரு சோதனை நல்ல தொடக்கம். 2014-இல் டிலன் ஜீ, நிம் டோட்டன்ஹாம் முதலானோர் அமெரிக்காவில் செய்தது. பிள்ளைகளை எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படுக்க வைத்து, ஒரு முறை அவரவர் அம்மாவின் படத்தைக் காட்டினார்கள், ஒரு முறை முன்பின் தெரியாத பெண்ணின் படத்தை. பயத்தையும் ஆபத்தையும் மோப்பம் பிடிக்கும் அமிக்டலாவும், அதை அடக்கி நிதானப்படுத்தும் முன்மூளைப் புறணியும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதுதான் கேள்வி. பெரியவர்களிடம் புறணி அமிக்டலாவை இழுத்துப் பிடிக்கிறது. சின்னப் பிள்ளைகளிடம் அந்தப் பிடி இன்னும் உருவாகியிருக்காது. ஆனால் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மூளை, அம்மாவின் படத்தைப் பார்த்ததும் பெரியவர் மூளை போல வேலை செய்தது. அமிக்டலா அடங்கியது. பதின்வயதினரிடம் இந்த மாற்றம் காணப்படவில்லை.

பிள்ளைக்கு இல்லாத பிடியை அம்மா கடனாகக் கொடுக்கிறாள் என்றே இதை எடுத்துக்கொள்ளலாம். படத்துக்கே இவ்வளவு என்றால், அவள் பக்கத்தில் இருப்பதற்கு எவ்வளவு என்று யோசிக்கலாம். லைன் வீட்டுத் தம்பிக்கு அக்கா அந்த வேலையைச் செய்கிறாள் என்று வைத்துக்கொண்டால் தவறில்லை. இடி இடித்தால் அவன் ஓடிப் போய்ப் பிடித்துக்கொள்வது அவள் பாவாடையைத்தான். அவள் யாரைப் பிடித்துக்கொள்வது? அவளுக்கும் அந்தப் புறணி முழுதாக முதிர இன்னும் பத்து ஆண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன. மூளையின் பகுதிகளில் கடைசியாக முதிர்வது அதுதான். இருபதுகளின் நடுப்பகுதி வரை அந்த வேலை நடக்கிறது.

கடன் கொடுக்க ஆளே இல்லாத பிள்ளைகளிடம் என்ன நடக்கிறது என்பதையும் இதே குழு 2013-இல் பார்த்தது. குழந்தைப் பருவத்தின் தொடக்கத்தில் அநாதை இல்லங்களில் இருந்து, பிறகு தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளிடம், அமிக்டலாவுக்கும் புறணிக்கும் இடையிலான அந்தப் பெரியவர் பாணி இணைப்பு வயதுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. கார்டிசால் எனும் மனஅழுத்த ஹார்மோனுக்கும் அதற்கும் தொடர்பு தெரிந்தது. காத்திருந்து பயனில்லை என்று மூளையே முந்திக்கொண்டது போல. சுவாரசியமானது என்னவென்றால், அந்தப் பிள்ளைகளுக்குள்ளேயே இப்படி முந்திக்கொண்டவர்களிடம் பதற்றம் குறைவாக இருந்தது. ஆகவே இதைப் 'பழுது' என்று சொல்வது தப்பு. கையில் இருப்பதை வைத்துச் சமாளித்த கெட்டிக்காரத்தனம் அது. மெதுவாக முதிர்வதால் ஒரு மூளைக்குக் கிடைக்கும் நீண்ட கற்றல் காலமே அதற்குக் கொடுத்த விலையாக இருக்கலாம் என்று டோட்டன்ஹாம் தரப்பு கருதுகிறது. அம்பத்தூர் மூத்த பெண் அநாதை இல்லத்துப் பிள்ளை அல்ல, அவளுக்கு அம்மா உண்டு, ராத்திரி வருவாள். அந்த முடிவை அப்படியே தூக்கி இவள் தலையில் வைக்கக் கூடாது. திசையைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

அன்றாட வேதியியல் இன்னும் நேரடியானது. அளவான பதற்றம் புறணியைக் கூர்மையாக்குகிறது. அளவு மீறினால் அதே ரசாயனங்கள் புறணியின் இணைப்புகளைத் தற்காலிகமாகத் துண்டித்துவிடுகின்றன என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டு ஆய்வில் காட்டியிருக்கிறார். அப்போது மூளையின் பழைய, வேகமான பகுதிகள் கைக்கு வந்துவிடும்: யோசிப்பது குறையும், பாய்வதும் உறைவதும் கூடும். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும். வருஷக்கணக்கில் என்றால் எளிதில் வராது. அப்படித் தேங்கும் தேய்மானத்துக்கு புரூஸ் மெக்யூவன் 1993-இலேயே ஒரு கருத்தாக்கத்தை முன்வைத்தார். பின்னால் ரத்த அழுத்தம், ஹார்மோன் அளவு, உடல் பருமன் போன்றவற்றைச் சேர்த்து அதை ஒரே சுமையாக அளக்கத் தொடங்கினார்கள். 2009-இல் கேரி எவன்ஸும் மிஷல் ஷாம்பெர்கும் நியூயார்க் மாநிலக் கிராமப்புறப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து, வறுமையில் கழிந்த ஆண்டுகள் கூடக்கூட 17 வயதில் செயல்நினைவு குறைவதையும், இந்தத் தேய்மானச் சுமை அதை விளக்குவதையும் காட்டினார்கள். செயல்நினைவு என்பது விட்ட வரியைப் பிடித்துவைக்கும் திறன். கணக்குக்கு அதுதான் அடித்தளம்.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் மூத்த பிள்ளைகள் எல்லாரும் அடிபட்டவர்கள் என்று ஆகிவிடும். அப்படி இல்லை. எதிர்ப்பக்கச் சான்றுகளும் வலுவானவை. எனக்கு அவைதான் அதிகம் சொல்கின்றன.

1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் அப்பாவின் வருமானம் சரிந்த அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளை கிளென் எல்டர் ஆராய்ந்தார். 1974-இல் வெளியான அவருடைய நூலில் வருபவர்கள், ஓக்லண்டில் 1920, 21-இல் பிறந்த 167 பேர். வீழ்ச்சி அடித்தபோது பத்து வயதைத் தொட்டிருந்தவர்கள். பையன்கள் பேப்பர் போட்டார்கள், கடைகளில் நின்றார்கள். பெண்கள் வீட்டை ஏற்று நடத்தினார்கள். இவர்களில் பலர் நிமிர்ந்த, தன்னம்பிக்கையுள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். பக்கத்து பெர்க்லியில் 1928, 29-இல் பிறந்து, அதே வீழ்ச்சியைச் சின்னஞ்சிறு வயதில் சந்தித்த பையன்கள்தான் பிற்பாடு அதிகம் தடுமாறினார்கள். வீட்டுக்குத் தன்னால் ஆகிறது என்று உணரும் வயதில் வந்த சுமையும், ஒன்றும் புரியாத வயதில் தலைக்கு மேல் நடந்த கலவரமும் வேறு வேறு என்று ஆகிறது.

லாஸ் ஏஞ்சலிஸில் ஆண்ட்ரூ ஃபுலிக்னியும் இவா டெல்சரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பதின்வயதினரை ஸ்கேனில் வைத்துப் பார்த்ததும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. தனக்கு வரும் பணத்தை விட்டுக் குடும்பத்துக்குக் கொடுக்கும்போது, மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் அவர்களுக்குக் கூடுதலாக ஒளிர்ந்தது. வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனக்கென்று வாங்கும்போதே அது கூடுதலாக ஒளிர்ந்தது. குடும்பக் கடமையைப் பெரிதாக மதிக்கும் பிள்ளைகளிடம் ஆபத்தான விளையாட்டுக்கான துடிப்பு குறைந்தும், தன்னடக்கத்துக்கான பகுதி அதிகம் வேலை செய்தும் இருந்ததை டெல்சர் 2013-இல் எழுதினார். ஆனால் இதே ஃபுலிக்னி 2009-இல் ரத்தத்தைச் சோதித்தபோது கதை இன்னொரு பக்கம் திரும்பியது. வீட்டு வேலை அதிகம் செய்த பிள்ளைகளின் ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகள் கூடியிருந்தன. அவர்களிலும் 'நல்ல மகளாக, நல்ல மகனாக இருக்கிறேன்' என்ற நிறைவு உள்ளவர்களிடம் ஒரு முக்கியக் குறியீடு தணிந்தே இருந்தது. வேலை ஒன்றாக இருக்கலாம். அது தனக்கும் தன் வீட்டுக்கும் என்னவாகப் பொருள்படுகிறது என்பதை ரத்தம்கூடப் பார்க்கிறது.

இவை அமெரிக்கக் கதைகள் என்று ஒதுக்க வேண்டியதில்லை. 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலானோர் வெளியிட்ட ஆய்வு கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் நடந்தது. கடையில் நின்று வியாபாரம் பார்க்கும் பிள்ளைகள். இத்தனை கிராம் உருளைக்கிழங்கு, இத்தனை கிலோ வெங்காயம், கொடுத்த ரூபாய்த் தாளுக்கு மீதி எவ்வளவு என்றால் பேப்பர் பேனா இல்லாமல் டக்கென்று சொல்கிறார்கள். அதே அளவு எளிய வகுத்தலைப் பள்ளிப் பாணியில் எழுதிக் கொடுத்தால் திணறுகிறார்கள். கடைக்கே போகாத பள்ளிப் பிள்ளைகள் தாளில் ஓரளவு போட்டுவிட்டு, சந்தைக் கணக்கில் விழுந்தார்கள். இதில் நான் பார்ப்பது இதுதான்: பெரியவர் வேலை பிள்ளையின் மூளையை மழுக்கவில்லை, அதற்கு உண்மையான திறமையைக் கொடுத்திருக்கிறது. அந்தத் திறமையைப் பள்ளிக்கூடத்துக்கு அடையாளம் தெரியவில்லை. திருமழிசைப் பக்கம் காய்கறி வண்டியில் அப்பாவோடு நிற்கும் பையன் கணக்குப் பரீட்சையில் 23 வாங்கினால், அந்த மதிப்பெண் யாரைப் பற்றிச் சொல்கிறது என்று கேட்கத் தோன்றும்.

உளவியல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த லிசா ஹூப்பர் குழுவின் 2011-ஆம் ஆண்டுக் கட்டுரையும் பரபரப்பைத் தணிக்கக்கூடியது. சிறுவயதில் பெற்றோர் பொறுப்பு சுமந்ததாகச் சொன்னவர்களுக்கும் பெரியவரான பின் வரும் மனநலச் சிக்கல்களுக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் சிறியது. மூத்த பிள்ளையாகப் பிறந்த எல்லாருக்கும் மூளை கலைந்துவிட்டது என்று ரீல்ஸ் போடுகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது.

ஆக, மூளைக்குள் இறங்குவது எது? பாத்திரம் அல்ல, பால் அல்ல, தம்பியை இடுப்பில் தூக்குவதும் அல்ல. 'நான் கண்ணை மூடினால் வீடு விழுந்துவிடும்' என்ற உணர்வு. மாற்று ஆள் இல்லாத காவல். கொடுத்த வேலைக்கு ஒரு முடிவு நேரம் இருந்து, அதற்குப் பின் பொறுப்பை வாங்கிக்கொள்ள ஒரு பெரியவர் வந்துவிட்டால், அந்தப் பிள்ளை செய்ததெல்லாம் பயிற்சி. ஹவாயின் காவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த எம்மி வெர்னரும், மோசமான சூழலிலிருந்து தேறி வந்தவர்களில் பலர் சின்ன வயதில் வீட்டுக்குத் தேவையான ஒரு வேலையைச் செய்தவர்கள் என்றுதான் கண்டார். கூடவே, அவர்கள் பின்னால் பெற்றோரோ பாட்டியோ டீச்சரோ, நிலையாக ஒரு பெரியவர் இருந்தார் என்றும். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு 'கஷ்டப்பட்டால்தான் பிள்ளை உருப்படும்' என்று பேசுபவர்கள் இரண்டாம் பாதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

அப்பா குடிக்கிற வீட்டில் அந்தக் காவலுக்கு முடிவு நேரமே கிடையாது. கேட் திறக்கும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எந்த அளவு என்று கணித்து, தம்பி தங்கையை உள்ளே தள்ளி, அம்மாவைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டும் பிள்ளைகள் இந்தத் தெருக்களில் உண்டு. தூக்கத்திலும் ஒரு காது விழித்திருக்கும். படித்ததை நினைவில் பதிய வைக்கும் வேலையில் ஒரு பகுதியை மூளை தூக்கத்தில்தான் செய்கிறது. இவர்களுக்கு இழப்பு இரண்டு மடங்கு. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பெங்களூரு நிம்ஹான்ஸில் விவேக் பெனகல் குழு, குடிநோயாளிகளின் பிள்ளைகளிடம் பி-300 என்ற மூளை மின் அலையை அளந்து 1995-இல் வெளியிட்டது. குடும்பத்தில் குடிநோயாளிகள் எண்ணிக்கை கூடக்கூட அந்த அலையின் உயரம் குறைந்தது. அது வம்சவழியாக வரும் பலவீனத்தின் அடையாளம் என்றே கருதப்படுகிறது. ஆக, இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையின் மூளையில் ஒரு வித்தியாசம் தெரிந்தால், பிறப்போடு வந்தது எவ்வளவு, கேட் சத்தம் கேட்டு வந்தது எவ்வளவு என்று ஒரு ஸ்கேன் படத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல எந்த நிபுணராலும் ஆகாது.

பூந்தமல்லிப் பக்கம் வேறொரு வகைப் பெரிய மனித வேலை சில ஆண்டுகளாகப் பெருகியிருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர்ந்து இரண்டே வருஷத்தில் தமிழைப் பிடித்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை வீட்டின் துபாஷி. வீட்டுக்காரரிடம் வாடகை பேசுவது, மேஸ்திரியிடம் பாக்கிக் கூலி கேட்பது, பள்ளியில் தன்னைப் பற்றியே டீச்சர் சொல்லும் புகாரை அப்பாவுக்கு மொழிபெயர்ப்பது (இதில் கொஞ்சம் விளையாட்டும் நடக்கும்). ஆஸ்பத்திரியில்தான் சிக்கல். அம்மாவின் மாதவிடாய்க் கோளாறை ஒன்பது வயதுப் பையன் டாக்டரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. 'கர்ப்பப்பையில் கட்டி' என்று டாக்டர் சொல்வதை அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சொற்களுக்கு அவன் வீட்டு மொழியில் என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியாது. டெக்சாஸில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களில் இப்படித் துபாஷிகளாகும் பிள்ளைகளை ஆராய்ந்த சு யோங் கிம், இதைச் சாமர்த்தியமாக உணரும் பிள்ளைகள் தேறுவதையும், சுமையாக உணரும் பிள்ளைகளிடம் மனச்சோர்வு கூடுவதையும் கண்டார். ஃபுலிக்னியின் ரத்தச் சோதனை சொன்னதுதான் இங்கும்.

அந்த உணர்வைத் தீர்மானிப்பதில் பெண்ணா பையனா என்பதும் சேர்ந்துகொள்கிறது. சம்பாதிக்கும் பையனுக்கு வீட்டில் ஒரு குரல் கிடைக்கிறது. கறிக்குழம்பில் முதல் துண்டு கிடைக்கிறது. வீட்டைச் சுமக்கும் பெண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த வேலை. தமிழ் சினிமா இந்த மூத்தவர்களைக் கைவிடவில்லை என்பது உண்மைதான்: 1974-இல் பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை', 1979-இல் எஸ்.பி. முத்துராமனின் 'ஆறிலிருந்து அறுபது வரை'. தியேட்டரில் அழுதோம், கைதட்டினோம். கைதட்டலில் ஒரு தொந்தரவு இருக்கிறது. தியாகம் என்று பேர் வைத்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு மாற்று ஆள் அனுப்பும் கடமை யாருக்கும் இல்லாமல் போகிறது.

சட்டமும் ஏறக்குறைய அதே மனநிலையில் இருக்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கும் கொடுத்தது. வீட்டு வேலையும் பிள்ளை பார்ப்பதும் தொழில் என்ற கணக்கிலேயே வருவதில்லை. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் ஒருவரைப் பராமரிக்கும் சிறாருக்கு என்ன உதவி வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்பே விசாரித்து மதிப்பிட வேண்டும் என்கிறது. அங்கே அது பெரும்பாலும் நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காக வந்தது. அம்பத்தூருக்குப் பக்கத்திலேயே, அண்ணா நகர் மேற்கு விரிவாக்கத்தில், 1984-இல் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் இருக்கிறது. மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பங்களோடு அது நாற்பது ஆண்டுகளாக வேலை செய்கிறது. அம்மாவின் மாத்திரை நேரத்தை அலாரம் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை நம்மூருக்கும் அந்நியமல்ல.

ஆனால் இந்த வட்டாரத்தின் பெரும்பான்மை மூத்த பிள்ளைகளின் சுமை நோயிலிருந்து வந்ததல்ல, ஷிப்ட் நேரத்திலிருந்து வந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் அதை விரித்தது. காகிதத்தில் குறையில்லை. காப்பகம் இருந்தாலும், நெரிசலான அரக்கோணம் லோக்கலில் கைக்குழந்தையோடு திருநின்றவூரிலிருந்து பட்டரவாக்கம் வரை நின்றுகொண்டு வர எந்த அம்மா துணிவாள்? குழந்தை வீட்டோடு இருந்துவிடுகிறது, மூத்தவளோடு. சட்டம் கண்ட 6 வயதுக்கு அடுத்த நாளிலிருந்து அந்தக் குழந்தையும் யாருடைய கணக்கிலும் இல்லை. காப்பகம் கம்பெனி வாசலில் இருப்பதைவிடக் குடியிருக்கும் தெருவில் இருப்பதே மேல் என்பது என் கட்சி.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தைச் சத்துணவின் தொடர்ச்சியாகவே பேசுகிறார்கள். சாப்பிடும் பிள்ளையின் எடை, வருகைப் பதிவு, கவனம் ஆகியவை பேசப்படுகின்றன. அந்தத் திட்டத்தால் அதே அளவு பயன் பெறுகிறவள், பக்கத்து நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கும் அக்கா. சாப்பாடு அவளுக்கு இல்லை, 5-ஆம் வகுப்போடு சரி. ஆனால் தம்பிக்கு இட்லி ஊட்டி, உப்புமா கிளறி, அடுப்பைப் பார்த்து நிற்கும் வேலை காலையிலிருந்து கழிந்துவிட்டது. பள்ளியில் ஓர் ஆயா அதை வாங்கிக்கொண்டுவிட்டார்.

காலைக்கு ஆள் கிடைத்தாயிற்று. சாயங்காலம் நான்கு மணியிலிருந்து அம்மா வரும்வரை உள்ள நேரம் அப்படியே இருக்கிறது. 2021 அக்டோபரில் கொரோனா கால இழப்பை ஈடுகட்ட வந்த இல்லம் தேடிக் கல்வி அந்த நேரத்தில்தான் நடந்தது. தெருவிலேயே இருக்கும் ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் படித்த இளம்பெண், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள், 1 முதல் 8 வகுப்புவரை உள்ள பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பாடம் சொன்னார். தமிழகக் கிராமப்புறத்தில் அதன் பலனைப் பார்த்த அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆய்வு, பள்ளி திறந்த பின் பிள்ளைகள் மீட்டெடுத்த படிப்பில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்று கணக்கிட்டது. அது அளந்தது தமிழும் கணக்கும். தம்பியையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த மூத்த பெண்ணுக்கு, ஒன்றரை மணி நேரம் அவர்களைப் பார்த்துக்கொள்ள வேறு ஒருத்தர் இருந்தார் என்பதையும் அந்த 1,000 ரூபாயில் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.